சுவருக்கு வெளியே ஓர் அடைப்பு

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். என் வீட்டுக்கு வழியையும் என்னிடமே கேட்பார்கள். அந்த ஊரில் மதியழகன் நகர் என்று ஒரு குடியிருப்பு. அதற்கு ஒரு நலச்சங்கம். தலைவர் ஏகாம்பரம், செயலாளர் வைரக்கண்ணு. இருவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அது யார் பொறுப்பில் இருப்பது என்று மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை.

நாலாம் நம்பர் வீடு சிந்தாமணி அம்மாளுடையது. ஒரு திங்கட்கிழமை காலை, கழிவறையில் அவர் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் அவரைப் பார்க்கத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமையோ நிறைமாத மகள் பூங்கோதை பிரசவத்துக்கு வருகிறாள். அம்மாளுக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்கினாலும் போக இடமில்லை.

“சின்ன விஷயம்தான்” என்றார் பார்க்க வந்த நகராட்சிப் பொறியாளர். “காம்பவுண்டு சுவருக்கு உள்ளே அடைப்பு இருந்தா வீட்டுக்காரங்க பொறுப்பு, செலவும் அவங்களுது. சுவருக்கு வெளியே இருக்கிறதெல்லாம் நகராட்சி பொறுப்பு. எந்தப் பக்கம்னு பார்த்து வைங்க, வெள்ளிக்கிழமை ஆளோட வர்றேன்.”

சங்கம் கூடியது. வைரக்கண்ணு தெருச் சாக்கடை மூடியைத் திறந்து, வீட்டை நோக்கி நீள மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். அது முட்டிய இடத்தை அளந்து பார்த்தார்கள். சுவருக்கு உள்ளே இரண்டடி.

“ரெண்டே அடியில போச்சே!” என்று தலைவர் தலையில் கை வைத்தார்.

“நானே பணம் குடுத்துடறேன் அண்ணே. ஆளைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை” என்றார் சிந்தாமணி அம்மாள்.

“அது எப்படிம்மா? இன்னிக்கு நீங்க ஆரம்பிச்சா, நாளைக்கு அவனவன் அடைப்பை அவனவனே எடுக்க ஆரம்பிச்சுடுவான். அப்புறம் சங்கம் எதுக்கு?”

“அப்ப சங்கத்துலேருந்து குடுங்க.”

வைரக்கண்ணு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “சாக்கடைக்கு நிதி இல்ல தலைவரே. சுவருக்குத்தான் இருக்கு. எம்பதாயிரம்.”

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் கண்ணை மூடினாலே எனக்குப் பயம். “அடைப்பை வெளியே கொண்டுவர நிதி இல்ல. சுவரை உள்ளே கொண்டுபோக இருக்கு. கொண்டுபோயிடுவோம்” என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் சூசை பழைய சுவரை இடித்து, மூன்றடி உள்ளே தள்ளிப் புதுச்சுவர் எழுப்பினார். எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று வைரக்கண்ணு மறுபடி பிளாச்சால் குத்தினார். குத்தக் குத்த அடைப்பு உள்ளே போகும் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் சங்கத்தில் குழந்தைகள் உறுப்பினராக முடியாது. இப்போது அடைப்பு, புதுச்சுவரைத் தாண்டி ஐந்தடி உள்ளே இருந்தது.

“நம்மளைப் பார்த்துப் பயந்து ஓடுது” என்றார் வைரக்கண்ணு. “விடக்கூடாது தலைவரே!”

புதன்கிழமை இன்னும் உள்ளே அஸ்திவாரம் தோண்டும்போது, சூசையின் கடப்பாரை குழாயில் பட்டு ஓடு பெயர்ந்தது. சூசை குனிந்து பார்த்தார்.

“ஐயா, அடைப்பு கைக்கு எட்டுது. ஒரு பழைய லுங்கி. இழுத்துப் போட்டுடட்டுமா?”

“தொடாதே!” என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“நீ எந்தப் பக்கம் நிக்கிறே?” என்று கேட்டார் தலைவர்.

“சுவருக்கு உள்ளேதான் ஐயா.”

“உள்ளே நின்னு எடுத்தா செலவு நம்மளுது. ஓட்டை மூடு!”

சூசை ஓட்டை மூடிப் பூசினார். அவருக்கென்ன, நாள் கூலி. சிந்தாமணி அம்மாள் மட்டும் மூன்றாம் நாளாகப் பக்கத்து வீட்டுக் கழிவறை வாசலில் வரிசையில் நின்று, “கடவுளே, என் பொண்ணையும் இப்படி நிக்க வெச்சுடாதே” என்று அழுதார்.

அன்று மாலை குத்தியதில் லுங்கி வீட்டுக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்ப முடியாதே! வியாழக்கிழமை சுவரை வீட்டுக்குப் பின்னாலேயே கட்டிவிட்டார்கள். சுவருக்கு உள்ளே முருங்கை மரமும் துவைக்கிற கல்லும் கொடிக்கயிறும் பத்திரமாக இருந்தன. வீடு வெளியே இருந்தது. நிதியும் சரியாகத் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்தார். சுவரைத் தேடினார். கண்டுபிடித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். பத்தே நிமிஷத்தில் லுங்கி வெளியே வந்தது, தண்ணீர் கடகடவென்று போனது. பொறியாளரும் வேகமாகப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து பூங்கோதையின் கார் வந்து நின்றது. அம்மாள் ஓடிப்போய் மகளைத் தாங்கி வீட்டுக்குள் அழைத்துப் போகப் பார்த்தார். தலைவர் வாசலை மறித்துக்கொண்டார்.

“எங்கேம்மா போறீங்க? வீடு இப்ப நகராட்சி பொறுப்பு. நீங்க உள்ளே போய்ப் புழங்கினா மறுபடி நம்ம தலையில கட்டிடுவாங்க. சுவருக்கு உள்ளே வாங்க, முருங்கை மரத்தடியில பாய் போட்டாச்சு.”

பூங்கோதை இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, வலி எடுத்துடுச்சு. இந்த ஆளை நகரச் சொல்றியா, இல்ல நான் நகர்த்தவா?”

“தள்ளுங்க அண்ணே!” என்று சிந்தாமணி அம்மாள் தலைவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். ஐந்து நாளில் அந்த நகரில் நடந்த ஒரே உருப்படியான வேலை அதுதான். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் முன்னறையிலேயே பிரசவம் பார்த்தார். ஆண் குழந்தை, மூன்று கிலோ, நல்ல குரல்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. நகராட்சிக்கு ஒரு கடிதம் போனது:

“ஐயா, மேற்படி குழந்தை சுவருக்கு வெளியே பிறந்துள்ளது. எனவே விதிப்படி இதன் பராமரிப்பும் செலவும் தங்களைச் சேர்ந்தவை. உடனே வந்து பொறுப்பேற்கவும். குறிப்பு: குழந்தையிடம் அடைப்பு ஏதும் இல்லை. தூக்கிப் பார்த்த தலைவர் தற்சமயம் வேட்டி மாற்றப் போயிருப்பதால், செயலாளர் கையெழுத்திடுகிறேன்.”