கொக்குக்குக் கால் வலித்த ஊர்

சத்தியம். நூற்றுக்கு நூறு சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் நாளைக் காலையில் என் மீசை மொத்தமும் உதிர்ந்து காப்பித் தம்ளருக்குள் விழட்டும். மீசை எங்கே என்று கேட்காதீர்கள். அது வேறொரு கதையில் போய்விட்டது.

மாசிலாமணி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபக்காரர். எப்பேர்ப்பட்ட கோபம் என்றால், காலையில் மோர் குடித்துவிட்டு யாரையாவது திட்ட ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் வயிற்றிலேயே வெண்ணெய் திரண்டுவிடும். அவர் வீட்டில் நெய் வாங்கிய வழக்கமே கிடையாது. பேச்சுக்கு முன்னும் நடுவிலும் தொண்டையை ஒரு செருமு செருமுவார். க்ஹும். சர்வீஸில் இருந்த காலத்தில், இந்தச் செருமல் முதல் பெட்டியில் கேட்டால் கடைசிப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவன் வெளியே குதிப்பான். எந்த ஊரிலும் அவரை டி.டி.ஆர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பெயர் கமலவேணி. பழைய அரிசி மண்டியின் மாடியில் 'எழுத்துக்கூட்டு' என்றோர் அறக்கட்டளை நடத்திவந்தார். வேலை ஒன்றே ஒன்று: வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது. படத்தைப் பார்த்து ஊகிப்பது அங்கே கிடையாது. கூட்டமாகக் கத்துவது கிடையாது. ஓர் எழுத்து, அதற்கு ஓர் ஓசை. இரண்டு ஓசையைச் சேர்த்தால் ஒரு சொல். பிறகு சோதனை. சோதித்துப் பார்த்ததில் பலன் தெரிந்த வழியை வைத்துக்கொள்வார். தெரியாததை, எவ்வளவு பெரிய மனிதர் சொன்ன வழியானாலும், மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி வீசிவிடுவார். கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஓரமாகத்தான் நடப்பார்கள்.

மாசிலாமணிக்கு அவர் கொடுத்த இடம் ஓடைக்கரைப்பட்டி. மாதம் ஒருமுறை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, நாலு வரிக் கதை ஒன்று அச்சடித்த தாளை நீட்டி, வாசிக்கிறார்களா என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அவர் போக ஆரம்பித்த பிறகு அந்த ஊர் தேறிய வேகத்தில் வேறெந்த ஊரும் தேறியதில்லை. பொங்கலுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசித்தார்கள். இனி எதற்கு என்று, எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்த மாலை வகுப்பை மூடினார்கள். ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். 'ஓடைக்கரைப்பட்டியில் வாசிக்காத பிள்ளை இல்லை.' பக்கத்தில் கைகட்டிய மாசிலாமணி, ஆள் உயரத்துக்கு.

பங்குனி மாதம் கடைசியாக ஒரு சோதனை வைத்துவிட்டு வரலாம் என்று போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். அவர் மண்டி மாடி ஏறியபோது படிகள் ஒதுங்கி வழிவிட்டன.

"க்ஹும். டீச்சர், ஒருத்தனைக் கிழிச்சுத் தோரணம் கட்டணும்."

"உக்காருங்க சார். யாரை?"

"அந்த ஹெட்மாஸ்டர் இருதயராஜை."

"என்ன செஞ்சாரு?"

மாசிலாமணி ஒரு தாளை மேஜைமேல் அறைந்தார். மேஜை ஒரு கால் மடித்து நின்றது.

"பிரஸ்காரன் தாள்கட்டை மாத்திக் குடுத்துட்டான். வழக்கமா நாம குடுக்கிற கொக்குக் கதை இல்ல. இது வேற ஊருக்கு அடிச்ச பூசணிக்காய்க் கதை. நானும் கவனிக்கல. அஞ்சலையைக் கூப்பிட்டுக் குடுத்தேன். அஞ்சாம் வகுப்பு. விரலை வச்சா. வரி தப்பாம நகர்த்தினா. 'ஏரிக்கரையில் ஒரு கொக்கு நின்றது'ன்னு கணீர்னு வாசிச்சா."

"தாள்ல என்ன இருக்கு?"

"'தோட்டத்தில் ஒரு பூசணி காய்த்தது.' தாள்ல பூசணி, வாயில கொக்கு! அடுத்தவனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் கொக்கு. அதுக்கடுத்தவளுக்கும் கொக்கு. மொத்தப் பள்ளிக்கூடமும் பூசணியைப் பார்த்துக் கொக்கு கொக்குன்னு கத்துது டீச்சர்!"

கமலவேணி தாளை எடுத்தார். நாலு வரியையும் வாசித்தார்.

"அஞ்சலை வர்ற ஜூன்ல டவுன் ஸ்கூலுக்குப் போறா, இல்ல?"

"போறா. அங்க எந்தப் பாடத்துல கொக்கு நிக்கும்? மொதல் வாரமே கடைசி பெஞ்சு. மறுவருஷம் வீட்டுல உக்காந்துருவா." மாசிலாமணியின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே மறுபடி சூடேறியது. "அந்த ஆளு கதையை உருப்போட வச்சிருக்கான். சோதனை நேரத்துல பிள்ளை தடுமாறினா பெரியவங்க வாயைத் திறக்கக்கூடாதுன்னு நீங்க விதி வச்சீங்க. திறந்திருக்கான்! டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்சே தலை நரைச்சவன் நான். இந்தப் பெட்டியில ஒருத்தன் இருக்கான், எனக்கு வாடை அடிக்குது. க்ஹும். உங்களுக்குக் கோபமே வராதா?"

"வந்திருக்கு."

"யார் மேல?"

"இன்னும் தெரியல. வாங்க, போய்ப் பிடிப்போம்."

மாசிலாமணி உதைத்த உதையில் மோட்டார் சைக்கிள் சாவி போடாமலே கிளம்பியது. பெட்ரோல் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

ஊர் முகப்பில், ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே, பரமனின் டீக்கடை.

"வாங்க டி.டி.ஆர் சார்! மேலயும் நீங்க, கீழயும் நீங்க. எந்தச் சாருக்கு டீ போட?"

"அண்ணே," என்றார் கமலவேணி, "கொக்குக் கதை தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க!" பரமன் டீயை ஆற்றிக்கொண்டே, வீச்சுக்கு ஒரு வரியாகச் சொன்னார். "ஏரிக்கரையில் ஒரு கொக்கு நின்றது. அதற்கு ஒரு கால் வலித்தது. க்ஹும். நண்டு தைலம் கொண்டு வந்தது. கொக்கு நன்றி சொன்னது."

"பள்ளிக்கூடம் எதுவரைக்கும் போனீங்க?"

"அந்தப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லம்மா. என் மவன் தூக்கத்துல சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துருச்சு."

"பாத்தீங்களா!" மாசிலாமணி தொடையில் அடித்துக்கொண்டார். "தூக்கத்துலகூட விடல, படுபாவி!"

கமலவேணி டீயைக் குடித்தார்.

குழாயடியில் கேட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஒரே குரலில் சொன்னார்கள். கொக்குக்குக் கால் வலித்ததும் அத்தனை பேரும் சேர்ந்து செருமினார்கள். குடங்கள் அதிர்ந்து தண்ணீர் தெறித்தது. சலூனில் ஒரு மைனா வளர்த்தார்கள். அது 'வலித்தது' என்று சொல்லி, அலகை மூடி, கழுத்தை உப்பி, க்ஹும் என்று செருமிவிட்டுத்தான் 'நண்டு' என்று ஆரம்பித்தது. ஒரு தொழுவத்தில் எருமையும் சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள். அதை நான் என் காதால் கேட்கவில்லை, ஆகவே சேர்க்கவில்லை. உண்மையை மட்டும் சொல்வது என்று இறங்கிவிட்டால் நல்ல நல்ல இடங்களை விட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வாசலிலும் மாசிலாமணிக்கு ஒரு சட்டைப் பொத்தான் தெறித்தது.

"மனுசன்லருந்து மைனாவரைக்கும் கெடுத்து வச்சிருக்கான் டீச்சர். ஒரு ஊரையே டிக்கெட் இல்லாம ஏத்திவிட்டிருக்கான்!"

"ம்."

"என்ன ம்?"

"கேட்டுக்கிட்டு வர்றேன் சார். நீங்களும் கேளுங்க."

"கேட்டுக்கிட்டுத்தானே வர்றேன்! க்ஹும்."

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் இருதயராஜ் வேப்பமரத்தடியில் நின்று மணியடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். மாசிலாமணியைப் பார்த்ததும் மணியடிக்கும் கட்டையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"காலையில கத்தினது போதலையா சார்?"

"பிள்ளைகளுக்குக் கதையை உருப்போட வச்சது யாருய்யா? சொல்லு!"

"உங்க தாளை நான் தொட்டதுகூட இல்ல. சோதனை நேரத்துல வாத்தியாருங்க உள்ள நிக்கக்கூடாதுன்னு விரட்டுனது யாரு? நீங்கதானே? இதே மரத்தடியில நின்னேன். காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"என்ன விழுந்துச்சு?" என்றார் கமலவேணி.

இருதயராஜ் சொன்னார். ஏரிக்கரையில் கொக்கு நின்றது. கால் வலித்தது. செருமினார். நண்டு தைலத்தோடு வந்தது.

சொல்லி முடித்ததும் கையிலிருந்த கட்டையை மாசிலாமணி பக்கம் நீட்டினார்.

"எல்லாரும் வாசிக்கிறாங்கன்னு சொன்னது உங்க சோதனை. நம்பினேன். உங்களை நம்பித்தான் சாயங்கால வகுப்பை மூடச் சம்மதிச்சேன். இப்ப என் சட்டையைப் பிடிக்க வர்றீங்க. நான் யார் சட்டையைப் பிடிக்க? சொல்லுங்க சார், நான் யாரைப் பிடிக்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"அஞ்சலையைக் கூப்பிடுங்க," என்றார் கமலவேணி.

எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னிய பிள்ளை ஒன்று ஓடி வந்தது. கமலவேணி தரையில் உட்கார்ந்து அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தார். பூசணிக்காய்த் தாளை மடியில் விரித்தார்.

"எனக்கு வாசிச்சுக் காட்டு தாயி."

அஞ்சலை விரலை வைத்தாள். "ஏரிக்கரையில் ஒரு கொக்கு நின்றது. அதற்கு ஒரு கால் வலித்தது." விரல் நின்றது. "க்ஹும்."

"இரு. இந்தச் செருமல் தாள்ல எங்க இருக்கு?"

பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது வாக்கியத்தின் முற்றுப்புள்ளியைத் தொட்டாள்.

"இந்தா, இந்தப் பொட்டு. மொதப் பொட்டுக்கு இல்ல. ரெண்டாவது பொட்டு வந்தாச் செருமணும். சார் இங்கதான் செருமுவாரு."

"எந்தச் சார்?"

அஞ்சலை நிமிர்ந்து மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நம்ம டி.டி.ஆர் சார்தான். யாருக்காச்சும் வரலன்னா அவரே கடைசிவரைக்கும் வாசிச்சுக் காட்டுவாரு. நாங்க எல்லாரும் ஜன்னல்ல நின்னு கேப்போம். அப்ப மட்டும் திட்டவே மாட்டாரு."

வேப்பமரம் அசையவில்லை. மணியடிக்கும் கட்டை இருதயராஜின் கையிலிருந்து தானாகக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

மாசிலாமணிக்குச் செருமல் வந்தது. பாதியில் தன் காதிலேயே கேட்டது. நிறுத்தினார்.

திரும்பி நடந்தார். டீக்கடைப் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார். ஃப்ளெக்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அது அவர்மேல் சரிந்தது. தரையில் விரித்து, கைகட்டிச் சிரித்த தன் படத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, ஓரத்தை இரண்டு கையாலும் பற்றினார். பல் நறநறவென்றது. அந்த ஊரில் அந்த நேரத்தில் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

கமலவேணி வந்து நின்றார். பின்னால் இருதயராஜ். அவர் விரலைப் பிடித்தபடி அஞ்சலை.

"என்னை வெளிய அனுப்பிருங்க டீச்சர்."

"ஒரே தாளை மாசா மாசம் அடிச்சுக் குடுத்தது நான். என்னை யாரு அனுப்புறது?"

"பிள்ளை திருதிருன்னு முழிச்சுது. பாவமா இருந்துச்சு. ஒரு வரிதானேன்னு ஆரம்பிச்சேன்."

"ம்."

"திட்டியே பழகினவன். அப்ப மட்டும்தான் பிரியமா இருந்தேன். அதுலயா இப்படி?"

மாசிலாமணி அஞ்சலையை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. தெரியும்னு நான் எழுதிட்டேன். ஊரெல்லாம் பார்க்கத் தொங்கவிட்டுட்டேன். இந்தக் கோபத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்க? சொல்லுங்க! எங்க வைக்க?"

ஃப்ளெக்ஸின் ஓரம் விரிசல் விட்டது.

"கிழிக்காதீங்க!"

கமலவேணி குரலை உயர்த்தி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பரமனின் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சலூன் மைனா தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது. மாசிலாமணியின் கை நின்ற இடத்திலேயே நின்றது.

கமலவேணி அடுப்படிக்குப் போய், அணைந்து கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்தார். கரித்துண்டை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"திருப்பிக் கட்டுங்க சார். பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு."

மாசிலாமணி திருப்பிக் கட்டினார். அஞ்சலை முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் 'ப' என்று ஓர் எழுத்தை எழுதி, அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளை முழித்தாள். விடை அவருக்குத் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு நின்றார்.

ஆச்சு. இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். மாசிலாமணி என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், கோபம் அப்படியேதான் இருக்கிறது. யாராவது பிடித்து உலுக்கிக் கேட்டால், அந்த எருமை சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.