நாக்கை வைத்துக் குணம் பார்த்த ராஜா

முன்னொரு காலத்திலே நெடுவயல் நாட்டைச் சுந்தரவாணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். அவனுடைய ராணி, பாயசத்தில் கலந்த விஷத்தால் செத்துப்போனாள். கலந்தவன் ஒரு சமையல்காரன். பிடிபடுவதற்குள் அவனும் கிணற்றில் விழுந்து உயிரை விட்டான். ஏன் செய்தான், யார் தூண்டினார்கள், ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் ராஜாவை அரித்தது. இலையில் சோற்றைப் போட்டால் தொடாமலே எழுந்துவிடுவான்.

சமயம் பார்த்திருந்தார் சபையிலிருந்த பரசுராயர். தளபதி மழவன் மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். படை முழுக்க மழவன் பேச்சைக் கேட்கிறதே என்று.

"அரசே, ராணியம்மாவைக் கொன்ற அந்தச் சமையல்காரனுக்குப் பாகற்காய் என்றால் உயிராம். மனுஷன் குணம் நாக்கிலே தெரிந்துவிடும். இனிப்புப் பிரியன் இளகிய மனசுக்காரன். கசப்பை ருசித்துத் தின்கிறவன் நெஞ்சிலே ஈரம் இருக்காது" என்றார்.

முழுகுகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி ராஜா அதைப் பிடித்துக்கொண்டான். கசப்பை விரும்புகிறவர்களையெல்லாம் மலைக்கோட்டைச் சிறையில் அடைக்கச் சொன்னான்.

நாடே பயந்துபோனது. பாகல் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். வருஷப்பிறப்புக்கு ஒரு வீட்டிலும் வேப்பம்பூ இல்லை. சந்தையிலே நாலுபேர் பார்க்க வெல்லத்தைக் கடித்துச் சிரித்தவர்கள், வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தார்கள். மழவன் வீட்டுக் கொல்லையில் மட்டும் கொடி அப்படியே இருக்கிறது, தினமும் பாகற்காய் என்று பரசுராயரின் ஆட்கள் மோப்பம் பிடித்தார்கள். தளபதியும் சிறைக்குப் போனான்.

அமைச்சர் விடங்கர் அப்போது ஊரில் இல்லை. எல்லைத் தகராறு பேச அயல்நாடு போயிருந்தார். திரும்பி வந்தவருக்குக் கோட்டை வாசலிலேயே சேதி கிடைத்தது. மழவன் அவருடைய பால்ய சிநேகிதன். வீட்டுக்குக்கூடப் போகாமல், புழுதிக் காலோடு நேரே சபைக்குப் போனார்.

"விடங்கரே, மழவனுக்காகப் பேச வந்திருந்தால் வாயைத் திறக்கவேண்டாம்" என்றான் ராஜா.

"பேசவில்லை அரசே. நாக்கு குணத்தைக் காட்டும் என்கிறாரே பரசுராயர், அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்கிறேன்."

"சோதனையில் நீர் தோற்றால்?"

"மழவனோடு என்னையும் அடைத்துவிடுங்கள். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

பரசுராயர் வாய்விட்டுச் சிரித்தார். விடங்கர் சிரிக்கவில்லை.

மறுநாள் சபையில், அயல்நாட்டு மன்னர் கொடுத்தனுப்பியது என்று சொல்லிப் பரசுராயருக்குத் தாம்பூலம் நீட்டினார் விடங்கர். அவரும் பெருமையாக மென்றார். பிறகு வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம் வந்தது.

"இனிப்பென்றால் நான் குழந்தை மாதிரி!" என்று ஒரு வாய் குடித்தவர், தூவென்று துப்பினார். "என்ன கண்றாவி இது? வடித்த கஞ்சி!"

"அப்படியா? இந்த அச்சுவெல்லத்தைக் கடித்துப் பாருங்கள்."

"இது மண்ணாங்கட்டி! எடுத்துப்போங்கள் அப்பால்!"



"அரசே, இனிப்பைத் துப்புகிறார். காவலர்கள் ஏன் இன்னும் நிற்கிறார்கள்?" என்றார் விடங்கர்.

பரசுராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "அரசே! என் நாக்குக்கு என்னமோ ஆகிவிட்டது. நாக்கை வைத்து என்னைத் தண்டிக்கலாமா? இத்தனை வருஷம் உழைத்தேனே, அதைப் பார்க்கக்கூடாதா?"

"மழவனும் இதைத்தானே கேட்டிருப்பான்?" என்றார் விடங்கர்.

பிறகு மடியிலிருந்து சில பச்சை இலைகளை எடுத்து ராஜா முன்னால் வைத்தார். "சிறுகுறிஞ்சான், அரசே. வெற்றிலைக்குள் மடித்துக் கொடுத்தேன். மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு தெரியாது. அதற்குள் இவருடைய குணம் மாறிவிட்டதா என்ன?"

ராஜா தானே ஓர் இலையை மென்றான். வெல்லத்தை வாயில் போட்டான். இனிப்பே தெரியவில்லை.

"இன்னொன்று சொல்லவேண்டும். சமையல்காரன் விஷத்தைப் பாகற்காயில் வைக்கவில்லை, பாயசத்தில் வைத்தான். இனிப்பெல்லாம் நல்லது என்றால் ராணியம்மா இன்று நம்மோடு இருப்பார்கள்" என்றார் விடங்கர்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கர் கழுத்தில் போட்டான். பரசுராயரின் பட்டங்களைப் பறித்து, ஊர் பார்க்க அவர் கையாலேயே சிறைப் பூட்டுகளைத் திறக்கச் சொன்னான். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வெளுத்துப்போன மனிதர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். விடங்கர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கடைசிக் கதவு திறந்தபோது உள்ளே போர்வை மூடிக் கிடந்தான் மழவன். குளிர்க்காய்ச்சல். முந்தின நாளே உயிர் போய்விட்டது. சொல்லப் பயந்து காவலன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

தகனம் முடிந்த பிறகு, ராஜா விடங்கரை அழைத்துக்கொண்டு நடந்தே மழவன் வீட்டுக்குப் போனான். மழவன் மனைவி உலகுடையாள் வாசலுக்கு வந்தாள்.

"தாயே, கசப்பு பிடிக்கும் என்பதற்காக ஒரு நல்லவனைக் கொன்றுவிட்டேன்" என்றான் ராஜா.

"அவருக்குக் கசப்பே ஆகாது, அரசே. பாகற்காய் எனக்குத்தான் பிடிக்கும். நான் சமைப்பதை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். உங்கள் ஆட்கள் வந்து இது யாருக்கு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், 'எனக்குத்தான்' என்று எழுந்து போய்விட்டார்."

விடங்கர் அந்த வீட்டில் மழவனோடு எத்தனையோ முறை உட்கார்ந்து சாப்பிட்டவர். அவருக்கும் இது தெரியாது. கழுத்து மாலை பாரமாகக் கனத்தது.

"என்னைத் திட்டவாவது செய்யம்மா" என்றான் ராஜா.

"திட்டி என்ன ஆகப்போகிறது, அரசே?" அவள் விடங்கர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நாளைக்கு அவருக்குப் படையல் போடவேண்டும். பிடித்ததைச் சமைத்து வைக்கவேண்டும் என்கிறார்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்காவது தெரியுமா?"