துருப்பிடித்த புல்வெட்டி

செங்காலி என்ற கௌதாரி குளக்கரைப் புல்லுக்குள் பத்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வெளியே வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீ எரிவதாகப் பருந்து வந்து சொன்னதிலிருந்து செங்காலிக்கு இரையே இறங்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடைக் காற்று திரும்புவதற்குள், குளத்திலிருந்து பாறை வரை விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டையாகப் புல்லை வெட்டி, மண் தெரிய வாரிவிடுவார்கள். தீ அதைத் தாண்டாது. இந்த வருஷம் வெட்டுவதற்கு, பாழடைந்த பங்களாவிலிருந்து கரடி இரண்டு புல்வெட்டிகளை இழுத்து வந்திருந்தது. ஒன்று பெட்ரோல் குடிக்கும் சிவப்பு எந்திரம். மற்றது கையால் தள்ளுவது. இரண்டு சக்கரம், நடுவே ஐந்து தகடு, மேலெல்லாம் துரு.

எது நல்லது என்று பார்க்க நரி போட்டி வைத்தது. அதை நாட்டாமையாக யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்து நின்றுகொண்டது!

கரடி கயிற்றைச் சுண்டி இழுத்ததும் சிவப்பு எந்திரம் உறுமியது. கண்மூடித் திறப்பதற்குள் இருபதடிப் புல்லைக் காணோம். அடேயப்பா!

துருப்பிடித்ததோ 'கறக் கறக்' என்று ஊர்ந்தது. ஒரே இடத்தில் மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது.

"அதைத் தூக்கிக் குளத்துல போடு" என்றது நரி.

"நரியண்ணே, சிவப்பு நாளைக்கும் கிளம்புமா?" என்று கேட்டது செங்காலி.

"அந்த முழக்கத்தைக் கேட்டேல்ல? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். செங்காலி முட்டைகளிடம் திரும்பிப் போனது.

மறுநாள் சிவப்பு எந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அதற்கடுத்த நாள் இருமக்கூட இல்லை. நரி அதைக் கொஞ்சியது, திட்டியது, உதைத்துவிட்டு நொண்டியது. அன்று மத்தியானம் மலை முகட்டில் புகை தெரிந்தது.

செங்காலி முட்டைகளை விட்டுவிட்டுக் கரடியிடம் ஓடியது.

"கரடியண்ணே, துருப்பிடிச்சதை எடுங்க."

"அது ரொம்ப மெதுவால்ல போகும் தாயி."

"நிக்காம போகுமா?"

கரடி அதைக் கவிழ்த்துப் பார்த்தது. "இதுல கெட்டுப்போக என்ன இருக்கு? நான் நின்னாத்தான் இது நிக்கும்."

"அப்ப நீங்க நிக்காதீங்க."

கரடி தள்ளியது. விடிந்தும் தள்ளியது. முயல்கள் பின்னாலேயே புல்லை வாரிக் குளத்தில் போட்டன. கரடியின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, தகடு மட்டும் ஒரு சுற்றுக்கூடத் தவறவில்லை. பட்டை பாறையைத் தொட்டபோது தீ பனைமர உயரத்துக்கு எழுந்து சரிவில் இறங்கி வந்தது.

செங்காலி முட்டைகளின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு பார்த்தது. பட்டையின் ஓரத்துக்கு வந்த தீ இங்கும் அங்கும் நாக்கை நீட்டியது. பற்றிக்கொள்ள ஒரு புல்கூட இல்லை. அவ்வளவு பெரிய தீ குனிந்தது, தரையோடு படிந்தது, அணைந்தே போனது!

துருவேறிய அந்த ஐந்து தகடுகளை செங்காலி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் வயிற்றுக்கடியில் பத்து முட்டைகளும் கதகதப்பாக இருந்தன.

முதல் நாள் முழக்கத்தை நம்பிவிடாமல், தேவைப்படும் நாளில் தவறாமல் உழைப்பது எதுவோ அதையே நம்ப வேண்டும்.