எஸ்தரின் முதல் ஸ்கேன்

தபால் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் பேராசிரியர் நாச்சியாரிடம் மாணவராக வந்து சேர்ந்தபோது ஞானதுரைக்கு ஐம்பத்தாறு வயது. நாச்சியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஞானதுரை ‘மேடம்’ என்பார், நாச்சியார் ‘சார்’ என்பார். இருவரில் யார் குரு என்று ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

அங்கே நடக்கிற வேலை இதுதான். மூளையின் ஸ்கேன் படத்தில் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினி தானாகவே சிவப்புக் கோடு போட வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் கோடு போடலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைக் கூட்டலாம், குறைக்கலாம். கை வைப்பதற்கு முன் நாச்சியாரிடம் கேட்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

ஞானதுரை கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் நாச்சியாரைக் கூப்பிட்டுக் கணினி முன்னால் உட்காரவைத்தார். திரையில் ஒரு மூளை. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம்.

“இது யாரு, சார்?”

“என் வீட்டுக்காரி எஸ்தர். முதல்ல எடுத்த படம். ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு எடுத்ததுலதான் கட்டி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கல.” சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “அப்பவே இருந்திருக்கு, மேடம். பாத்தீங்களா? அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா, இப்ப எனக்குக் கதவு திறக்க வீட்டுல அவ இருந்திருப்பால்லா?”

குரலில் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. மனிதர் வேலையை விட்டதே இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று நாச்சியாருக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் தன்னுடைய பழைய ஸ்கேன் ஒன்றைத் திறந்தார். ஞானதுரை வைத்திருந்த அளவை மாற்றாமல் அப்படியே ஓட்டினார். நாச்சியாரின் மூளையிலும் சிவப்பு விழுந்தது, எஸ்தருக்கு விழுந்ததைவிடப் பெரிதாக.

“எப்ப எடுத்த படம், மேடம் இது?” ஞானதுரை பதறிவிட்டார்.

“ஒன்பது வருஷம் ஆச்சு. எனக்கும் கட்டிதானே?”

“சேச்சே! உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. அளவை இவ்வளவு கீழ இறக்கினா யாரு தலையிலயும் சிவப்பு...”

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

“ஆனா மேடம்,” என்றார் மறுபடியும், விட மனசில்லாமல். “ஒருவேளை அவளுக்கு அப்பவே நிஜமா இருந்திருந்தா?”

“முதல் படம் எடுத்த அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க போனீங்க, சார்?”

“எங்க போனோமா? ஜவுளிக்கடைக்கு. கிளிப்பச்சையில சேலை வேணும்னா. இந்த வயசுல கிளிப்பச்சையான்னேன், கேக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை அதைக் கட்டிக்கிட்டு சர்ச்சுக்கு வந்தா. ‘என் தலையில ஒண்ணுமே இல்லையாம், டாக்டரே சொல்லிட்டாரு’ன்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல, மேடம்.”

“எதுவரைக்கும் அப்படி இருந்தாங்க?”

“அடுத்த படம் எடுக்கிற வரைக்கும்.”

நாச்சியார் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“அதுவரைக்கும் அவங்களுக்கு நோய் இல்ல, சார். அந்த எட்டு மாசத்தையாவது அவங்ககிட்டயே விட்டுருங்க.”