வெட்டாத கேன்

"டீச்சரே, இது எந்தச் சாக்குல போகணும்?"

அமலோற்பவம் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கேட்பாள்.

சலேத்து பதில் சொல்ல மாட்டாள்.

சிலுவைத்துறையில் கடல் ஒதுக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கும், வீடுகள் ஒதுக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கும் கடைசியில் வந்து சேரும் இடம் மூடிக்கிடந்த பழைய ஐஸ் பிளாண்ட் கொட்டகைதான். ஒன்பது பெண்கள் முறை வைத்து வந்து தரம் பிரிப்பார்கள். கூலி கிடையாது. யாரும் கூப்பிடவும் இல்லை.

தொடங்கி வைத்தவள் சலேத்து. முப்பத்திரண்டு வயது. பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவள். அவளை டீச்சர் என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். கேலி போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

கொட்டகையில் பல்பு கிடையாது. கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தாள். வெளிச்சம் இருக்கும்வரை வேலை. வெளிச்சம் போனால் வீடு.

அமலி என்று கூப்பிடுகிற அமலோற்பவத்துக்கு நாற்பத்தெட்டு வயது. நாலு மாதமாக வருகிறாள். எதைக் கையில் எடுத்தாலும் குழப்பம். ஷாம்பு கவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போவ?"

சலேத்து எழுந்து போய் ஐந்து சாக்கின் வாயையும் விரித்துக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அமலி இன்னும் குழம்பிப்போனாள்.

இன்னொரு நாள், கூடத் தரம் பிரிக்கிற பெல்சியா வந்தாள். "கரண்டு பில்லு எகிறுது டீச்சர். கொறைக்க ஒரு வழி சொல்லு."

சலேத்து அவளோடு அவள் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் ஆள் இல்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சலேத்து அதற்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாடகம் முடிகிறவரை, விளம்பரங்களையும் விடாமல் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பெல்சியா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அமலி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அதே நாடகத்தைப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒன்றும் நன்றாக இல்லை.

ஆனாலும் கொட்டகைக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தால் கவலை பிடுங்கித் தின்றது.

பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு லாரி வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு போகும் நாள்.

அமலி சேலை முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். மறைகிற சாமானா அது? இருபது லிட்டர் நீலக் கேன்.

"டீச்சரே, இது எந்தச் சாக்கு?"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேனுக்கு என்று தனிச் சாக்கு அவள் காலடியிலேயே கிடந்தது.

"எக்காவுக்கு வெயிலு மண்டைக்கு ஏறிட்டு" என்றாள் பெல்சியா.

சலேத்து சிரிக்கவில்லை. கேனைப் பார்த்தாள். அது துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக இருந்தது.

"கடல்ல கெடந்ததா, வீட்ல கெடந்ததா?"

"ரெண்டும்தான்" என்றாள் அமலி.

ஐப்பசியில் அவள் புருஷன் ராயப்பனின் வள்ளம் காற்றில் கவிழ்ந்தது ஊருக்குத் தெரியும். கூடப் போன மிக்கேலை மறுநாளே வேறொரு வள்ளம் தூக்கிவிட்டது. ராயப்பன் இரண்டு ராத்திரி, ஒரு பகல் காலிக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். அதுவும் ஊருக்குத் தெரியும்.

அந்தக் கேன் இதுதான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சிரிப்பு நின்றது. பெல்சியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அஞ்சு மாசமாச்சு" என்றாள் அமலி. "கடலுக்குப் போக மாட்டேங்காரு. முதல்ல கை சரியில்லன்னாரு. கை சரியாச்சு. வள்ளம் ஒடஞ்சு கெடக்குன்னாரு. அதையும் மிக்கேலு செஞ்சு முடிச்சிட்டான். இந்தக் கேனு வீட்ல இருக்கிற வரைக்கும் அவரு போகமாட்டாரு. இதப் பாத்தா பழசெல்லாம் நெனப்பு வருது. கடக்கரையில குடியிருந்துக்கிட்டு மீனை வெலைக்கு வாங்குதேன் டீச்சர். வாங்கிட்டு வரும்போது தலையில முக்காடு போட்டுக்கிட்டு வாரேன்."

"அவருட்டச் சொன்னீங்களா?"

"என்னன்னு?"

"போங்கன்னு."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"சொல்லிட்டு?"

அமலி யோசித்தாள். "சொல்லிட்டு அழுதேன்."

சலேத்து ஒரு பாட்டிலின் மூடியைத் திருகி மூடிச் சாக்கில் போட்டாள்.

"கேனு வீட்ல எங்க இருந்துச்சு?"

"தலைமாட்டுல."

"அவரு வச்சதா?"

"நான்தான் வச்சேன். உயிரைக் காத்த சாமான் இல்லியா. அவருக்கு அந்த மரியாதையே தெரியல. முந்தாநாள் அதுமேல உக்காந்து கிழிஞ்ச வலையப் பொத்துதாரு. நல்லா ஏசிவிட்டேன்."

"யாரு தொடைக்கிறது?"

"நான்தான். நெதமும் சாயங்காலம்."

சலேத்து அந்தக் கேனை இன்னொரு தடவை பார்த்தாள்.

"நான் மூணாங் கிளாஸோட நின்னவ" என்றாள் அமலி. "எனக்கு ஒண்ணும் வெளங்கல. குடுத்தா பாவமோன்னு இருக்கு. வச்சிருந்தா பயமா இருக்கு. அவரு காலைல எந்திரிச்சு வெளிய போனவரு, இன்னும் வரல. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். லாரி போறதுக்குள்ள நீ ஒரு வார்த்த சொல்லிரு. போடுன்னா போட்டுருதேன்."

கொட்டகையில் கேனுக்கு ஒரு முறை இருந்தது. அப்படியே போட்டால் சாக்கில் மூன்றுதான் கொள்ளும். அதனால் நட்ட நடுவில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் போடுவார்கள். அதற்கென்று அகலமான மீன் கத்தி ஒன்று கிடந்தது.

சலேத்து அந்தக் கத்தியை எடுத்து அமலியிடம் நீட்டினாள்.

"வெட்டுங்க."

அமலி வாங்கினாள். கேனைக் காலிடுக்கில் வைத்தாள். கத்தியை அதன்மேல் வைத்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது. கத்தி கேனில் டொக் டொக் என்று தட்டியது.

"என்னால ஆகாது. நீ வெட்டு."

சலேத்து கத்தியை வாங்கிக்கொண்டு கேனைத் தன் பக்கம் இழுத்தாள்.

கத்தி இறங்குவதற்குள் அமலி கேனைப் பிடுங்கி மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் போட்டு, கழுத்தை அதன்மேல் சாய்த்து.

பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இப்பிடித்தான் பிடிச்சிருந்திருப்பாரு, இல்லக்கா?" என்றாள் சலேத்து. கத்தியைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

அமலிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்டு வந்தால் கத்தியைத் தருகிறாளே, இவள் என்ன டீச்சர்? இவளுக்குப் புருஷன் கடலில் போயிருக்கிறானா? கேனைப் போடவும் முடியாமல், கொண்டுபோகவும் முடியாமல், கதவோரத்தில் போய் நின்றுகொண்டாள்.

லாரி வந்தது. சாக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கேன் சாக்கைக் கடைசிக்கு வைத்திருந்தாள் சலேத்து. அதன் வாயைக் கட்டவில்லை.

அந்த நேரத்தில் ராயப்பன் வந்தான்.

முழங்கால்வரை மணல். வியர்வை. கண்ணை இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் தேடினான்.

"ஏட்டி, இங்கயா இருக்க? அந்த நீலக் கேனை வீடு பூராத் தேடிட்டேன்."

அமலி சலேத்துவைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்கிற பார்வை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது.

"இத விட்டுட்டு இருக்கமாட்டீங்களா? ஒரு மணி நேரம் காணலன்னா தேடி வந்துருவீங்களா?" என்றாள்.

"எத?"

"இந்தக் கேனை."

"அதத்தாம்ட்டி கேக்கேன். டீசல் வாங்கணும்."

அமலி குனிந்து கேனைப் பார்த்தாள்.

"மிக்கேலு வீட்ல இருந்த கேனையெல்லாம் அவன் பொண்டாட்டி இங்க கொண்டாந்து குடுத்துட்டாளாம்" என்றான் ராயப்பன். சலேத்துவைப் பார்த்துச் சிரித்தான். "உங்க கூட்டம் வந்தபெறகு ஊர்ல முழுக் கேனு ஒண்ணு இல்ல தங்கச்சி. எல்லாத்தையும் ரெண்டா வெட்டிட்டீங்க. காலைலருந்து நானும் அவனும் இஞ்சினைப் போட்டுப் பாத்துட்டோம். நல்லா எடுக்குது."

"டீசல் எதுக்கு?" என்று கேட்டாள் அமலி.

"எதுக்கா? சப்பரத்துக்கு ஊத்தவா வாங்குதாங்க? விடியமுன்ன கடல்ல எறங்கணும். காத்து நல்லாருக்கு. டீசல் பங்க்க அடச்சிருவான், சீக்கிரம் குடு."

கையை நீட்டினான்.

ஐந்து மாதமாக இந்த ஒரு சொல்லுக்காக அவள் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள்.

கேன் அவள் மார்பை விட்டு வரவில்லை.

"இது வேண்டாங்க" என்றாள். "வேற கேனு பாப்போம்."

"வேற ஏது? இது ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லியே. நான் ரெண்டு நாளு சோதிச்சுப் பாத்தவன்ல" என்று சொல்லி அவனே சிரித்தான்.

யாரும் கூடச் சிரிக்கவில்லை. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

சலேத்து எழுந்தாள். தரையில் கிடந்த கத்தியை எடுத்து, சேலையில் துடைத்து, பிடிப்பக்கம் அமலியின் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினாள்.

"எக்கா. லாரி இன்னும் போகல."

"இது எதுக்கு?" என்றான் ராயப்பன்.



அமலி கத்தியை வாங்கிக்கொண்டாள். வெட்டிவிட்டால் டீசலுக்குக் கேன் இல்லை, நாளைக்குக் கடலும் இல்லை.

கை நடுங்கவில்லை.

அமலி அந்தக் கையைப் பார்த்தாள்.