தேன்மலர் வரும் பேருந்து

இந்தப் புதிரில் ராஜா இல்லை, மந்திரி இல்லை, பரிசாகக் கொடுக்கப் பாதி ராஜ்ஜியமும் இல்லை. இருப்பது எழுதப்படாத ஓர் அத்தியாயம் மட்டும்தான். அதற்கு மூன்று பேர் உரிமைக்காரர்கள். பஞ்சாயத்தை உங்களிடம் விடுகிறேன். தீர்த்து வைத்தால் புண்ணியமாகப் போகும்.

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் மங்கையர்க்கரசிக்கு மாலை ஏழரை மணித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மேல் உயிர். அதன் நாயகி தேன்மலர். அந்த நடிகைக்கு சினிமா வாய்ப்பு வந்ததும் தொடர் எடுப்பவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்திருக்கலாம். அந்தச் சிரமம்கூடப் படாமல் தேன்மலரை வேலைக்கென்று வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றினார்கள்; இரண்டே வாரத்தில் நாயகனுக்கு வேறு கல்யாணம் செய்து வைத்தார்கள். தேன்மலர் என்று ஒருத்தி இருந்ததைப் பற்றி அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அரசிக்கு மனம் கேட்கவில்லை. இணையத்தில் ஒரு வாசகர் தளத்தில், அந்த விமானத்திலிருந்து கதையைத் தானே தொடர்ந்து எழுத ஆரம்பித்தாள். அவள் கதையில் நாயகன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காத்திருந்தான். வாரம் ஓர் அத்தியாயம் என்று ஏழு வருடம் ஓடிவிட்டது. தொடரே முடிந்து, அதை ஊரே மறந்து, ஆயிரக்கணக்கில் இருந்த வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். எழுத வேண்டியதும் ஒன்றுதான் பாக்கி. தேன்மலர் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறாள், எல்லோரும் வாசலுக்கு ஓடி வருகிறார்கள், முற்றும்.

அதை எழுதிவிட்டால் அரசிக்கு விடுதலை. தனக்கே சொந்தமான ஒரு கதை அவள் மனதில் இருந்தது. யாரோ பெற்ற பெண்ணைச் சீராட்டிக்கொண்டிருந்ததில் தன் கதாநாயகிக்கு ஒரு பெயர் வைக்கக்கூட நேரம் வாய்க்கவில்லை. இனியும் தள்ளிப் போட்டால் அது நடக்கவே நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மிஞ்சிய வாசகர்களில் ஒருவர் மாசிலாமணி, அரியலூரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தது. போனே படித்துக் காட்டுமே என்று மகன் சொன்னான். கேட்டுப் பார்த்தார். "கல்யாணத்தையும் எழவையும் ஒரே கொரல்ல படிக்குதும்மா" என்று அரசியிடம் சொல்லிவிட்டு அதை விட்டுவிட்டார். "கண்ணு இருக்கறப்பவே அந்தப் புள்ள வந்து எறங்கிடணும்" என்பதுதான் அவர் ஆசை. பொங்கலுக்குள் முடித்துவிடுவதாக அரசி வாக்குக் கொடுத்தாள்.

இன்னொருத்தி ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை விடுப்பில் படித்துவிட்டுத் தவறாமல் கருத்து எழுதுவாள். "நான் ஊர் வந்து சேர்ந்த பொறவு அவ வரட்டும்க்கா, அதுவரைக்கும் முடிச்சிராதீங்க" என்று கேட்டிருந்தாள். அவளுக்கும் அரசி வாக்குக் கொடுத்திருந்தாள். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி, வேறென்ன சொல்ல?

ஐப்பசியில் மாசிலாமணி போன் செய்தார்.

"ஏம்மா, குவைத்துல லீவு வெள்ளிக்கிழமைதானே? அந்தப் பொண்ணு இப்பல்லாம் ஞாயித்துக்கிழமைதான் எழுதுது. போன வாரம் மழையில துணியே காயலன்னு வேற எழுதியிருக்கு. அது ஊருக்கு வந்துடுச்சும்மா. நீ தாராளமா முடிக்கலாம்."

அரசி அன்றே ஜெசிந்தாவிடம் தனியாகப் பேசினாள். அவள் மறைக்கவில்லை.

"ஆமாக்கா, ஆனியிலேயே வந்துட்டேன். நான் அனுப்புனதுல தம்பி மாடி வச்சு வீடு கட்டியிருக்கான். அதுல எனக்குன்னு ஒரு ரூம் கெடையாது, அடுப்படில படுக்கேன். பெட்டியோட போயி நின்னப்ப, எத்தன நாள் லீவுன்னுதான் கேட்டாங்க. வான்னு ஒருத்தரும் சொல்லல. தேன்மலர் வந்து எறங்குறதை இப்ப எழுதிராதீங்கக்கா. எல்லாரும் வாசலுக்கு ஓடி வருவாங்கல்லா, என்னால அதைப் படிக்க முடியாது."

அரசிக்கு அழுகை வந்துவிட்டது. மாசிலாமணிக்கு மட்டும் தனியாக எழுதி வாசித்துக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. உங்களில் கெட்டிக்காரர்களுக்கும் இந்நேரம் அதுதான் தோன்றியிருக்கும். அவரை அழைத்து நடந்ததைச் சொல்லி, போனிலேயே வாசிக்கிறேன் என்றாள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு படிக்க முடியாததை நான் மட்டும் கேக்கறதா? வேணாம்மா. எனக்குக் குடுத்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். பார்வை ஒடுங்கி ஒடுங்கி, எதிரே நிற்கும் ஆளின் முகம் மட்டும்தான் அப்போது அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள். ஜெசிந்தா ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கு அதோடு தீர்ந்தது. மாசிலாமணி தனக்குக் கொடுத்ததைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டார். அரசியைக் கட்டிப்போட இனி எதுவும் இல்லை. அவள் அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதலாமா, கூடாதா?

விடை: எழுதலாம். நியாயம் முழுவதும் அவள் பக்கம். அவளும் எழுதத்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஜெசிந்தா போய் நின்ற வாசலைத் தெரிந்துகொண்ட பிறகு, தேன்மலரின் வாசலுக்கு நாலு பேரை ஓடி வரவைக்க அவளுக்குக் கை வரவில்லை. யாரும் ஓடி வராத வாசலை எழுதவும் மனம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியான அத்தியாயத்தில், தேன்மலர் வந்த பேருந்து வழியில் பழுதாகி நின்றது. பொங்கல் போயிற்று, மாசிலாமணியின் கண்ணும் போயிற்று. பேருந்து இன்னும் கிளம்பவில்லை. அரசியின் சொந்தக் கதாநாயகிக்கு இன்றுவரை பெயர் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜெசிந்தா படித்துவிட்டு ஒரே வார்த்தைதான் எழுதுகிறாள்: "அப்பாடா."