ஒரு முட்டையும் இரண்டு கண்களும்

நாமக்கல் பக்கத்தில் பாவாயி என்று ஒருத்தி. அவள் முகத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் குடியிருந்தார்கள். இடக்கண் அக்கா, வலக்கண் தங்கை.

இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். வருகிற வெளிச்சத்தைச் சட்டியில் பிடித்து மூளையிடம் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். தங்கை படு சுறுசுறுப்பு. நாலு சொட்டு விழுந்ததும் ஓடிவிடுவாள். அக்காவும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாள். நரம்பில் ஒரு நோவு வந்து போனதிலிருந்து, பாவம், சட்டி பாதியாவது நிரம்பாமல் அவளால் நகர முடியவில்லை. அதற்குள் தெருவில் ஓடுகிற ஒரு சேவல் நாலைந்து சேவலாகச் சட்டியில் கலந்துவிடும்.

அக்கா பேச்சை நம்பி மூளை ஒருநாள் பாவாயியைக் காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்ற வைத்தது. அதற்குப் பிறகு தங்கை சொன்னதுதான் வேதவாக்கு. தங்கையும் சும்மா இருக்க மாட்டாள். ஆடி அசைந்து தேர் வருகிறது, வழி விடுங்கள் என்று அக்காவைக் கேலி பண்ணுவாள். அக்காவுக்குக் கோபமே வராது. கேட்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பாவாயியின் கோழி எட்டு முட்டைக்கு அடை உட்கார்ந்தது. கீரி புகுந்து ஏழு முட்டையைத் தின்றுவிட்டது. மிஞ்சிய ஒன்றை விட்டுக் கோழி எழுந்திருக்கவே இல்லை, இரைகூட எடுக்கவில்லை. உள்ளே உசிர் இருந்தால் உட்காரட்டும், கூமுட்டையானால் வாயில்லா ஜீவன் எதற்கு வீணாக வதங்க வேண்டும் என்று அடை உட்கார்ந்த ஏழாம் நாள் பாவாயி சோதிக்கப் போனாள். பட்டப்பகலில் கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கி, முட்டைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, வெளிச்சம் மங்கலாகத்தான் சொட்டியது.

தங்கை பார்த்த மாத்திரத்தில் ஓடிப்போய், உள்ளே ஒன்றுமில்லை, கூமுட்டைதான் என்று சொல்லிவிட்டாள். பாவாயியின் கை குப்பைக்கூடைப் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் பொறு சாமி. என் சட்டி இன்னும் நிரம்பலை."

மூளைக்குக் காப்பி ஞாபகம் வந்து சலிப்புத் தட்டியது. ஆனாலும் உசிர் விஷயமாயிற்றே. முட்டையை மறுபடி டார்ச்சுக்கு நேராக அசையாமல் பிடிக்கச் சொன்னது. அக்கா சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள். தங்கை பக்கத்தில் நின்று பொறுமையில்லாமல் முணுமுணுத்தாள்.

"செவப்பா நூலாட்டம் ஒண்ணு ஓடுது," என்றாள் அக்கா. "அது துடிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்த வேகம் எனக்கு வராது. நீ பாத்துச் சொல்லு புள்ள."

தங்கைக்கு வெட்கமாகப் போயிற்று. அக்கா காட்டிய இடத்தைவிட்டு நகராமல், பிறந்ததிலிருந்து நின்றிராத அளவு நேரம் நின்றாள். சட்டென்று ஒரு துடிப்பு. உடனே ஓடினாள்.

பாவாயி முட்டையைக் கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்காவும் தங்கையும் ஒன்றாக நனைந்தார்கள்.

மூளை தங்கையைத்தான் மெச்சியது. நீ மட்டும் பார்த்திராவிட்டால் ஒரு உசிர் போயிருக்குமே என்று உருகியது. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தது எங்கக்கா. நான் முந்தி ஓடியாந்து சொன்னேன், அவ்வளவுதான்."